750 மீட்டர் கடல், 20 கிலோமீட்டர் சாலை, 5 கிலோமீட்டர் வெயில்

டிரையத்லான் செய்துவிட்டு வந்தேன் என்று யாரிடம் சொன்னாலும் இரண்டில் ஒரு கேள்விதான் வருகிறது. அந்தச் சொல்லையே கேள்விப்படாதவர்கள், "அப்படின்னா என்ன?" என்கிறார்கள். கேள்விப்பட்டவர்கள், "ஓ, அயர்ன்மேன் எப்போ?" என்கிறார்கள். முதல் கேள்விக்கு ஆசையாகப் பதில் சொல்வேன். கடலிலோ ஏரியிலோ நீந்தி, கரையேறியதும் சைக்கிள் மிதித்து, இறங்கியதும் ஓட வேண்டும். நடுவில் கடிகாரம் நிற்காது. இரண்டாவது கேள்விதான் என்னை யோசிக்க வைக்கிறது. நான் செய்தது ஸ்பிரிண்ட் எனப்படும் குறுந்தூரப் போட்டி: 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். அயர்ன்மேனில் 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதற்குப் பிறகு ஒரு முழு மாரத்தான். குறுந்தூரம் என்றதும் பலரும் அதை நெடுந்தூரத்துக்கு ஏறும் முதல் படி என்றே நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இது தன்னளவில் முழுமையான விளையாட்டு. வேலைக்குப் போய்க்கொண்டு, வீட்டையும் பார்த்துக்கொண்டு, நாற்பதைத் தாண்டிய என்னைப் போன்ற ஒரு பெண் ஒரு போட்டியாளராகப் போய் நிற்க முடிகிற விளையாட்டு.

இந்த விளையாட்டு பிறந்ததே குறுகிய தூரத்தில்தான். 1974 செப்டம்பர் 25, ஒரு புதன்கிழமை மாலை. அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் மிஷன் பே என்ற கடற்கழியோரம் ஜாக் ஜான்ஸ்டன், டான் ஷானஹன் என்ற இரண்டு பேர் நடத்திய போட்டியைத்தான் முதல் நவீன டிரையத்லான் என்கிறார்கள். கலந்துகொண்டவர்கள் 46 பேர். சுமார் ஆறு மைல் ஓட்டம், ஐந்து மைல் சைக்கிள், 500 கஜம் நீச்சல். பெரும்பாலும் வேலை முடிந்து வந்த ஓட்டக்காரர்கள். பொழுது சாய்ந்தபின் தண்ணீரில் இருந்தவர்களுக்குக் கரையில் கார்களின் விளக்குகளைப் போட்டு வெளிச்சம் காட்டியிருக்கிறார்கள். அந்த 46 பேரில் ஜான் காலின்ஸும் அவர் மனைவி ஜூடியும் இருந்தார்கள். அவர்கள்தான் பிறகு ஹவாய்க்குப் போய், 1978 பிப்ரவரியில், மூன்று தனித்தனி நெடுந்தூரப் பந்தயங்களை ஒரே நாளில் கோத்து அயர்ன்மேனை உண்டாக்கினார்கள். அதில் இறங்கியவர்கள் 15 பேர், முடித்தவர்கள் 12 பேர். ஆக, மூத்தது குறுந்தூரம். நெடுந்தூரம் அதற்கு இளையது. 2000-ஆம் ஆண்டு சிட்னியில் டிரையத்லான் ஒலிம்பிக்கில் நுழைந்தபோதும் 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 சைக்கிள், 10 ஓட்டம் என்ற அளவில்தான் நுழைந்தது. டோக்கியோவில் சேர்த்த கலப்புத் தொடர் பந்தயத்தில் ஒருவர் நீந்துவது வெறும் 300 மீட்டர். உலகின் தலைசிறந்த வீரர்கள் அந்த 300 மீட்டரில் எப்படிப் போராடுகிறார்கள் என்று ஒருமுறை பாருங்கள்.

நான் இதற்குள் வந்தது ஓட்டம் வழியாக. சென்னையில் ஓட்டக் குழுக்களுக்குப் பஞ்சமில்லை. விடியற்காலை பெசன்ட் நகரிலோ கோட்டூர்புரத்திலோ நின்றால் யாராவது சேர்த்துக்கொள்வார்கள். சைக்கிளும் அப்படித்தான், கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிறு காலை ஒளிரும் சட்டை போட்ட கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். நீச்சல்தான் எல்லாரையும் நிறுத்தும் வாசல். என்னையும் நிறுத்தியது, ஆனால் வேறு விதமாக. எனக்கு நீந்தத் தெரியும். ஈரோட்டுப் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் அப்பா என் இடுப்பில் கயிற்றைக் கட்டி, முதுகில் சுரைக்குடுக்கை வைத்து இறக்கிவிட, நான் கற்றுக்கொண்ட நீச்சல். பாவாடையோடு குதிப்போம், உள்நீச்சல் அடிப்போம், மல்லாந்து மிதப்போம். பெரியவளான பிறகு கிணற்றுக்குப் போகக் கூடாது என்றார்கள். அதோடு நின்றது. எங்கள் ஊர்ப் பெண்களில் பாதிப் பேருக்கு நீச்சல் கதை அந்த வயதில்தான் முடிகிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

கிணற்று நீச்சலில் தலை எப்போதும் தண்ணீருக்கு மேலே இருக்கும். கைகள் முன்னால் துழாவும். சுற்றிலும் சுவர், நான்கு வீச்சில் படிக்கல் கைக்கு வந்துவிடும். 750 மீட்டர் போவதற்கு அது உதவாது. தலையைத் தூக்கினால் இடுப்பு தாழும், இடுப்பு தாழ்ந்தால் உடம்பே தண்ணீரை எதிர்த்து நிற்கும். ஃப்ரீஸ்டைல் கற்றாக வேண்டும். ஃப்ரீஸ்டைலில் கைகால் எல்லாம் பிறகுதான், முதலில் மூச்சு. எங்கள் பயிற்சியாளர் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்: "மூச்சை இழுக்கறதைப் பத்திக் கவலைப்படாதீங்க மேடம். விடறதை ஒழுங்கா விடுங்க." முகம் தண்ணீருக்குள் இருக்கும்போதே மூக்கு வழியாகக் குமிழ் குமிழாக விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அடக்கி வைத்தால் உள்ளே கரியமிலவாயு சேரும். மூச்சு முட்டுகிற தவிப்பைப் பெரும்பாலும் உண்டாக்குவது அதுதான். ஆக்சிஜன் தீர்ந்துபோனதால் வருவதல்ல. இது புரிந்த நாளில் நீச்சல் குளத்தின் நீளம் எனக்குப் பாதியாகக் குறைந்தது. தலையைத் திருப்பும் அந்த அரை நொடியில் காற்று தானாக உள்ளே வந்தது. அதுவரை நான் நெஞ்சு நிறையப் பழைய காற்றை வைத்துக்கொண்டு புதுக் காற்றைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கடல் வேறு. குளத்தின் அடியில் கறுப்புக் கோடு இருக்கும், அதைப் பார்த்துக்கொண்டே போகலாம். சென்னைக் கடலில் கையை நீட்டினால் விரல் நுனி கலங்கலில் மறையும். வாரக் கடைசிகளில் கோவளத்துக்குப் போய்ப் பழகியபோது, பாதுகாப்புக்கு ஃபைபர் படகோடு வரும் மீனவப் பெரியவர் ஒருவரிடம்தான் கடலைப் பற்றிக் கற்றேன். முதல் நாளே கேட்டார்: "இன்னிக்கி வெள்ளம் எப்டி ஓடுதுன்னு பாத்தியாமா?" எனக்கு அலை மட்டும்தான் தெரிந்தது. கடலுக்குள் ஆறு மாதிரி நீரோட்டம் ஓடுவதும், அதற்கு ஊர் ஊராகப் பெயர் இருப்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். தெற்கிலிருந்து வடக்கே ஓடினால் தெண்டி. வடக்கிலிருந்து தெற்கே ஓடினால் வன்னி. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வன்னி. மழை ஓய்ந்து வெயில் ஏற ஏறத் தெண்டி. நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் வடக்கு நோக்கியே நகர்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகத்தின் சுவர் அந்த மணலை வழிமறித்ததால்தான் தெற்கே மெரினா இவ்வளவு அகலமாயிற்று, வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்துப் போனது. ஒரு நகரத்தின் கரையையே மாற்றி எழுதிய நீரோட்டத்தில் 750 மீட்டர் நீந்தப் போகிறோம் என்றால் அதை மதித்துத்தான் இறங்க வேண்டும்.

அம்மாவுக்கு விஷயம் தெரிந்ததும் போன் செய்தார். "ஏங்கண்ணு, கடல்லயா எறங்கப் போற? கெணறு மாதிரி இல்லையாக்கும் அது." படகு இருக்கும், கயாக்கில் ஆட்கள் இருப்பார்கள் என்று சொன்னேன். அவர் பயத்தில் நியாயம் இருந்தது. டிரையத்லானில் உலகெங்கும் நடந்திருக்கும் மரணங்களில் பெரும்பாலானவை நீச்சலில்தான் நடந்திருக்கின்றன. கூட்டம், பதற்றம், தெரியாமல் இருக்கும் இதயக் கோளாறு எல்லாம் சேர்ந்து வருவது. போட்டிக்குப் பெயர் கொடுக்கும் முன் நான் இதய மருத்துவரைப் பார்த்து டிரெட்மில் பரிசோதனை செய்துகொண்டேன். நாற்பது தாண்டிய எல்லாரும் இதைச் செய்ய வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன்.

போட்டி பிப்ரவரிக் கடைசியில், அதே கோவளத்தில். இருட்டு விலகாத நேரத்தில், ஒரு விளையாட்டிலிருந்து அடுத்ததற்கு மாறும் இடமான டிரான்ஸிஷன் பகுதிக்குள் போனோம். சைக்கிளை இருக்கையில் தொங்கவிடும் கம்பிகள் வரிசையாக இருக்கும். உங்கள் எண் எழுதிய இடத்துக்குக் கீழே ஒரு துண்டு அகல இடம், அவ்வளவுதான். அங்கே ஹெல்மெட்டைக் கவிழ்த்து வைத்து, அதற்குள் கண்ணாடி, பக்கத்தில் ஷூ, எண் பட்டை. ஷூவில் எலாஸ்டிக் லேஸ். ஈரக் கையோடு முடிச்சுப் போட்டு மாளாது. காலில் நேரம் குறிக்கும் சிப், புஜத்தில் மார்க்கரால் எழுதிய எண். நெடுங்கை முழுக்கால் நீச்சலுடையிலேயே சைக்கிளும் ஓட்டமும் செய்யலாம் என்று முன்பே கேட்டு உறுதி செய்துகொண்டதில் எனக்குப் பெரிய நிம்மதி. குளிர் நாடுகளில் ரப்பர் உடை போட்டு நீந்துவார்கள், அது மிதக்கவும் உதவும். அமெச்சூர்களின் குறுந்தூரப் போட்டியில் தண்ணீர் 22 டிகிரியை எட்டிவிட்டால் அதற்கு அனுமதி கிடையாது. நம் கடல் பிப்ரவரியிலேயே 27-ஐத் தொடும். நம்மை மிதக்க வைக்க உப்பு மட்டும்தான்.

பெரியவர் படகைத் தள்ளும் முன் என்னைப் பார்த்துவிட்டார். "தெண்டி ஓடுதும்மா. வடக்கால இழுத்துனு போவும். மொத மெதப்ப நேரா பாத்து நீஞ்சாத, கொஞ்சம் தெக்கால பாத்துப் போ." தலையாட்டினேன்.

எங்களுக்கு முந்தைய பிரிவான பச்சைத் தொப்பிக்காரர்கள் போய்ச் சில நிமிடம் கழித்து எங்கள் இளஞ்சிவப்புத் தொப்பிகளுக்கு ஊதல் ஒலித்தது. அலை உடையும் இடம்தான் முதல் சோதனை. வரும் அலை மீது ஏறப் பார்க்கக் கூடாது; அடியில் முங்கி, மணலைத் தொட்டு, அது மேலே உருண்டு போனதும் எழ வேண்டும். மூன்று அலை அப்படிக் கடந்ததும் கடல் திடீரென்று அமைதியாகிவிட்டது. உடம்பு மட்டும் அமைதியாகவில்லை. யாரோ ஒருவரின் குதிகால் என் தோளில் பட்டது, பக்கத்தில் ஒரு கை என் முதுகில் விழுந்தது, மூச்சு மேல் மூச்சாக வாங்கியது. குளத்தில் இத்தனை பேர் நடுவில் நான் நீந்தியதே இல்லை. அப்போது மல்லாந்தேன். கிணற்றில் மிதந்த அதே மிதப்பு. வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. காதுக்குள் தண்ணீர், அதற்குள் என் இதயம். நான்கைந்து மூச்சில் அது தணிந்தது. திரும்பிக் கவிழ்ந்து, குமிழ் விட ஆரம்பித்தேன். அப்பா கற்றுக்கொடுத்ததும் பயிற்சியாளர் கற்றுக்கொடுத்ததும் ஒன்றுக்கொன்று கைகொடுத்த இடம் அது. இதற்காகவே நான் அப்பாவுக்கு எவ்வளவோ கடன்பட்டிருக்கிறேன்.

கிழக்கே நீந்துகிறோம், நேர் எதிரே சூரியன் எழுகிறது. ஆறேழு வீச்சுக்கு ஒருமுறை கண்ணை மட்டும் தண்ணீருக்கு மேலே தூக்கி மிதவையைத் தேட வேண்டும். ஒளியில் ஆரஞ்சு மிதவையே கண்ணில் படவில்லை. தென்பட்ட ஒரு நொடியில் பார்த்தால், தெற்கே பார்த்து நீந்தியும் நான் அதற்கு நேராகத்தான் வந்திருந்தேன். எனக்கு முன்னால் போனவர்களில் சிலர் வடக்கே ஒதுங்கி, நீரோட்டத்தை எதிர்த்துத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். மிதவையைச் சுற்றி வடக்கே திரும்பியதும் அதே தெண்டி முதுகைத் தள்ளியது. கரைக்கு இணையாகப் போன அந்தத் தூரம் போனதே தெரியவில்லை. இரண்டாவது மிதவையில் கரை நோக்கித் திரும்பும்போது தொண்டையெல்லாம் உப்பு. ஆனால் நான் இனிமேல் நிற்கப்போவதில்லை என்று தெரிந்துவிட்டது. கடலில் எனக்கு அவ்வளவு சந்தோஷம் இருந்தது.

கரையில் எழுந்து நின்றபோது தலை சுற்றியது. படுத்தபடி நீந்தும்போது தண்ணீரின் அழுத்தமும் சேர்ந்து ரத்தத்தை எளிதாக இதயத்துக்குத் திருப்பும். நின்றதும் அது கால்களில் தேங்கும், ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். கடைசி ஐம்பது மீட்டரில் காலைக் கொஞ்சம் வேகமாக உதைத்துக்கொண்டு வந்தால் குறையும் என்பார்கள். குறைந்தது, முழுதாகப் போகவில்லை. மணலில் ஓடி, துண்டில் காலைத் துடைத்து, முதலில் ஹெல்மெட். அதன் வாரைப் பூட்டிய பிறகுதான் சைக்கிளைத் தொடலாம். டிரான்ஸிஷன் முடியும் கோட்டைத் தாண்டிய பிறகுதான் ஏறலாம். உலகம் முழுவதும் இதே விதிதான். நல்ல விதி.

சைக்கிளைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போய், வடநெம்மேலி முதலைப் பண்ணையைத் தாண்டி, நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வரும் முன்பே திரும்பி வரும் பாதை. பழகிய சாலை, சமதளம். முன்னால் போகிறவரின் நிழலில் ஒட்டிக்கொண்டு போகக் கூடாது. அவர் முன் சக்கரத்திலிருந்து உங்கள் முன் சக்கரம் வரை பத்து மீட்டர் இடைவெளி வேண்டும், தாண்டுவதென்றால் இருபது நொடிக்குள் தாண்டிவிட வேண்டும். வடக்கிலிருந்து வீசிய இளங்காற்று போகும்போது தள்ளியது, திரும்பும்போது நெஞ்சில் நின்றது. கடைசி மூன்று கிலோமீட்டரில் கியரைக் குறைத்துக் காலை வேகமாகச் சுழற்றிக்கொண்டு வந்தேன், ஓட்டத்துக்குக் காலைத் தயார் செய்ய.

அப்படியும் இறங்கி ஓடத் தொடங்கியபோது கால்கள் எனக்குச் சொந்தமானவையாக இல்லை. இதைச் செய்து பார்க்காதவர்களுக்கு விளக்குவது கடினம். வலி இல்லை, களைப்பும் இல்லை. கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் இடுப்பை மடக்கி உட்கார்ந்து, தொடையால் மட்டும் அழுத்திக்கொண்டிருந்த உடம்பை நிமிரச் சொல்கிறோம். ஒவ்வொரு அடியிலும் தரையின் அதிர்ச்சியைத் தாங்கச் சொல்கிறோம். மூளை இன்னும் பெடலைத்தான் மிதித்துக்கொண்டிருக்கிறது. ஊர்ந்து போகிறேன் என்றே நினைத்தேன். கடிகாரத்தைப் பார்த்தால் வழக்கத்தைவிட வேகமாகப் போயிருக்கிறேன். வேகத்தை அறியும் புலனே குழம்பிப்போகிறது. சைக்கிள் முடிந்த கையோடு ஓடும் பயிற்சியை வாரம் ஒருமுறையாவது செய்வது இதற்காகத்தான். முதல் ஒரு கிலோமீட்டருக்குப் பிறகு கால்கள் மெதுவாகத் திரும்பி வந்தன.

குறுந்தூரப் போட்டியின் சாரம் இங்கேதான் இருக்கிறது. நெடுந்தூரத்தில் உடம்புக்கு ஒரு விளையாட்டில் மணிக்கணக்கில் ஊறி இருக்க நேரம் உண்டு. இதில் இரண்டு மணி நேரத்துக்குள் நீந்தும் உடம்பு மிதிக்கும் உடம்பாக, மிதிக்கும் உடம்பு ஓடும் உடம்பாக மாற வேண்டும். ஒன்று பழகும்போதே அடுத்தது வந்துவிடுகிறது. மூன்று விளையாட்டிலும் நான் சுமார்தான். ஆனால் இந்த மாற்றத்தைப் பழகிக்கொள்ள முடியும், அதற்குப் பிறவித் திறமை தேவையில்லை.

மூன்றாவது கிலோமீட்டரில் வெயில் ஏறிவிட்டது. நம் கடற்கரையில் வெப்பத்தைவிட ஈரப்பதம்தான் ஆளைச் சாய்க்கும். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். காற்றே ஈரமாக இருக்கும்போது அது வழிந்து ஓடுமே தவிர ஆவியாகாது. 2016-இல் மெக்ஸிகோவின் கோசுமெல் தீவில் நடந்த போட்டியில் பிரிட்டன் வீரர் ஜானி பிரவுன்லீ இதே மாதிரி வெக்கையில் கடைசி சில நூறு மீட்டரில் தள்ளாடியதும், அண்ணன் அலிஸ்டர் தன் வெற்றி வாய்ப்பை விட்டுவிட்டு அவரைத் தோளில் தாங்கி இழுத்து வந்து கோட்டுக்குள் தள்ளியதும் உலகம் முழுக்கப் பார்த்த காட்சி. அவர்களுக்கே அந்த நிலை. தண்ணீர் கொடுத்த இடத்திலெல்லாம் ஒரு வாய் குடித்தேன், மிச்சத்தைத் தலையில் ஊற்றிக்கொண்டேன். வேகத்தைக் கூட்டவில்லை. முடிவுக் கோட்டைக் கடந்தபோது கணவரும் பையனும் நின்றிருந்தார்கள். மகன் ஓடிவந்து ஈரத்தோடு கட்டிக்கொண்டான். அம்மாவுக்குத்தான் முதல் போன். "வந்துட்டியா சாமி" என்றார், அவ்வளவுதான் பேச முடிந்தது அவரால்.

அன்றிலிருந்து என்னை விடாத ஒரு விஷயம் இருக்கிறது. நாங்கள் நீந்தியபோது கரையில் குப்பத்துப் பிள்ளைகள் கூட்டமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் மாதக்கணக்கில் பழகிக் கடந்த அலைகளை அவர்கள் விளையாட்டாகக் கடப்பவர்கள். எங்களில் பெரும்பாலோருக்கு வாசலை அடைத்து நிற்கும் நீச்சல் அவர்களுக்குப் பிறந்த வீடு. ஆனால் போட்டிக்குப் பெயர் கொடுக்க ஆயிரக்கணக்கில் கட்டணம், கியர் சைக்கிள் அதைவிடப் பல மடங்கு. அந்தக் கரையில் கடலை அதிகம் அறிந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள், குறைவாக அறிந்தவர்கள் போட்டியிட்டோம். இது மாற வேண்டும்.

மாற முடியும் என்பதற்கும் அதே கோவளமே சாட்சி. அலைச்சறுக்கு இங்கே வந்தபோது அதுவும் வசதி படைத்தவர்களின் விளையாட்டாகவே இருந்திருக்கக் கூடும். மீனவரான மூர்த்தி மேகவன் குப்பத்துப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்து, அங்கே ஒரு சர்ஃப் பள்ளியே உருவானது. பக்கத்து மாமல்லபுரத்தில் மீனவக் குடும்பத்துச் சிறுமி கமலி ஸ்கேட்போர்டு பலகை மேல் ஏறி நின்றதை ஆவணப்படமாக எடுத்தார்கள், உலகமே பார்த்தது. இன்று நாட்டின் முன்னணி அலைச்சறுக்கு வீரர்களில் பலர் இந்தக் கரைக்காரர்கள். டிரையத்லானிலும் வழி இருக்கிறது. நீச்சலும் ஓட்டமும் மட்டும் கொண்ட அக்வாத்லான் என்ற போட்டி உலக அளவில் நடக்கிறது. அதற்குச் சைக்கிளே வேண்டாம். போட்டி நடக்கும் கரையின் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாமல் அதைச் சேர்த்து நடத்தலாம். நீச்சலை ஒருவர், சைக்கிளை ஒருவர், ஓட்டத்தை ஒருவர் என்று பிரிக்கும் குழுப் பிரிவும் பல போட்டிகளில் ஏற்கெனவே இருக்கிறது. எங்கள் சைக்கிள் குழுவில் புதிது வாங்கிய பிறகு சும்மா நிற்கும் பழைய சைக்கிள்கள் எத்தனையோ. அடுத்த போட்டிக்குள் அவற்றைச் சரிசெய்து கோவளத்துக்குக் கொண்டுபோவது பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். பெரியவரிடம் சொன்னேன். "மொதல்ல ரோட்டுல ஓட்டக் கத்துக் குடுங்கமா. கடல அவனுங்க பாத்துக்குவானுங்க" என்றார்.